டேக்கல் மண்பாதையில் மடக்கு சைக்கிள்

டேக்கல் ஸ்டேஷனில் ஏசுபாதம் இறங்கினால், ரயில் புறப்படும்வரை ஒரு பெட்டி ஜனமும் ஜன்னலில்தான் இருக்கும். கையில் தூக்கி வந்த இரும்புப் பொட்டலத்தை அவர் பிளாட்பாரத்தில் வைப்பார். நடுவில் இருந்த கொண்டியை நெம்புவார். பொட்டலம் இரண்டாக விரியும். ஹாண்டில்பாரை மேலே இழுத்துத் திருகுவார், சீட்டை உயர்த்துவார், டிபன் கேரியரை மாட்டுவார். தட்டு அளவு சக்கரம் இரண்டோடு ஒரு சைக்கிள் நிற்கும். நாற்பத்தாறு வயசும் எண்பது கிலோ உடம்பும் அதன்மேல் ஏறி உட்காரும்போது பெட்டியில் யாராவது ஒருவர் விசில் அடிக்காமல் இருந்ததில்லை.

"பாதண்ணா, சர்க்கஸ் கரடி எங்கே? கரடிய வூட்லயே வுட்டுட்டியா?"

"அடுத்த வாரம் இட்டாறேன். நீ டிக்கெட் வாங்கிக்கினு வா" என்பார் ஏசுபாதம். கோபப்படவே மாட்டார். கோபப்படும் நிலைமையிலும் அவர் இல்லை.

அந்த வருஷம் மார்ச் மாதத்தில் தங்கச் சுரங்கம் மூடியது. சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீடுகளில் அதற்குப் பிறகு பகலிலும் ஆண்கள் இருந்தார்கள். குழாயடியில் நின்றார்கள், சர்ச் சுவரில் உட்கார்ந்தார்கள், ஒரே பேப்பரை நாலு பேர் படித்தார்கள். ஏசுபாதம் இருபத்திரண்டு வருஷம் வைண்டிங் டிரைவர். ஷாப்ட் என்ற சுரங்கக் குழிக்குத் தள்ளி இருக்கும் மெஷின் வீட்டில் உட்கார்ந்து, ராட்சச உருளையில் சுற்றிய இரும்புக் கயிற்றை விட்டும் இழுத்தும், ஆட்கள் நிற்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டைப் பாதாளத்துக்கு இறக்கி ஏற்றும் வேலை. அதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மாவு அரைக்கப் போனால்கூட மெஷின்காரனுக்கு யோசனை சொல்லிவிட்டு வருகிற ஆள், அவ்வளவுதான்.

மனைவி மரியகுழந்தையின் தம்பிக்கு வேலூரில் அரிசி மண்டி இருந்தது. "மாமா இங்க வந்து கல்லாவுல குந்திக்கட்டும், மாடியில ஒரு ரூம் கீது" என்று அவன் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டான். நல்ல பையன்தான். ஆனால் மச்சான் வீட்டு மாடியில் ஒண்டி, மச்சான் மனைவி போடும் சோற்றை எதிர்பார்த்து உட்கார்வதை நினைத்தாலே ஏசுபாதத்துக்குக் கூசியது. மரியகுழந்தைக்கும் அப்படித்தான். அவள் அதை வெளியே சொல்லவில்லை. மாறாக, பெட்டியில் துணி அடுக்குவதை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் டேக்கல் மலைப்பக்கத்துக் கல் குவாரியில் கல் தூக்கும் டெரிக் கிரேன் ஓட்ட ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. டெரிக்கும் வைண்டிங்கும் பங்காளிகள் மாதிரி. கயிறு, உருளை, பிரேக். மேஸ்திரி தாமோதரன் இவரை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். கையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"ஆனா ஒண்ணு, பெரியவரே. டெரிக் எழுந்திரிக்கலன்னா கீழ பதினாலு பேர் கைய கட்டிக்கிட்டு நிப்பாங்க. எட்டரைன்னா எட்டரை. ஒரு மாசம் பாப்பேன். ஒரு நாள் லேட்டுன்னாலும் வேற ஆள். அப்புறம் என்கிட்ட கண்ணீர் வுடக்கூடாது."

ஸ்டேஷனிலிருந்து குவாரி ஒன்பது கிலோமீட்டர். பஸ் கிடையாது. தன் பெரிய சைக்கிளை டேக்கலிலேயே நிறுத்திவிட்டு வந்து போகலாம் என்று பார்த்தார். மூன்றாம் நாள் காலையில் சைக்கிள் இல்லை, பூட்டு மட்டும் புளியமரத்தடியில் கிடந்தது. அன்று ஒரு கல் லாரி வழியில் ஏற்றிக்கொண்டதால் பிழைத்தார். பால்காரர்கள் செய்வதுபோல ரயில் ஜன்னலில் கொக்கி போட்டு மாட்டிக் கொண்டுவரலாமென்றால், டேக்கலில் ரயில் ஒரு நிமிஷம்தான் நிற்கும். இறங்குவாரா, கொக்கியைக் கழற்றுவாரா?

அன்று சாயந்திரம் இதைக் கேட்டு ஆர்தர் சிரித்தார். ஆர்தர் சுரங்க சர்வேயர், ஆங்கிலோ இந்தியர், மகளோடு இருக்க வெளிநாட்டில் பெர்த் நகரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வீட்டுச் சாமான்கள் எல்லாம் விலைச்சீட்டோடு வராந்தாவில் கிடந்தன. அவர் உள்ளே போய், கோணிச்சாக்கில் கட்டிய ஒன்றைத் தூக்கி வந்தார்.

"பாதம், இத எடுத்துக்கினு போ. எங்க அங்கிள் இங்கிலாந்துலருந்து கொண்டாந்தது. மடக்கலாம். மடக்கிட்டா லக்கேஜ், எவனும் கேக்க மாட்டான்."

"இன்னா வெல சார்?"

"வெலையா? உதைப்பேன். இருபது வருஷம் நீ இறக்கி வுட்டுத்தான் நான் சர்வே பண்ணேன். எடுத்துக்கினு போ மேன்."

ஆக, சைக்கிள் வந்தது. ஆனால் அது தார் ரோட்டுக்கென்று பிறந்த சீமைச் சைக்கிள். டேக்கல் பாதை வேறு ஜாதி. முதல் மூன்று கிலோமீட்டர் செம்மண் புழுதி. சின்னச் சக்கரம் அதில் புதைந்துகொள்ளும். அடுத்து லாரிகள் உழுது போட்ட ஜல்லி. பெரிய சைக்கிள் தாண்டிப் போகும் பள்ளத்தில் இது இறங்கி ஏறும். ஒவ்வொரு இறக்கமும் முதுகெலும்பில் பதிவாகும். மே மாதக் கடைசியில் கோடைமழை பிடித்ததும் இன்னொரு கூத்து. மட்கார்டுக்குள் களிமண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. ஏசுபாதம் சட்டைப்பையில் ஒரு வேலங்குச்சி வைத்திருந்தார். கால் மைலுக்கு ஒரு தரம் இறங்கி, பல் குத்துவதுபோல் குத்தி மண்ணை எடுப்பார். மணல் வந்தால் தள்ளுவார், ஓடை வந்தால் மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு தாண்டுவார். ஏறினதில் பாதி தூரம் தூக்கினதுதான். ஆனாலும் எட்டேகாலுக்கு குவாரி கேட்டில் நிற்பார்.

ராத்திரி மரியகுழந்தை வெந்நீர் வைத்து முதுகில் ஊற்றுவாள்.

"இன்னாங்க இது, முதுகு பூரா செவந்து கெடக்குது. அடிச்ச மாதிரி."

"சீட்டு சின்னது மரியா. நான் பெருசு."

"எத்தினி நாள் ஆச்சு?"

"இன்னியோட இருவத்தஞ்சு. ஒரு நாள் லேட் இல்ல."

"இன்னும் அஞ்சு நாள். மாதா பாத்துக்குவா." அவள் இன்னொரு சொம்பு ஊற்றினாள். "தம்பி மறுபடி ஆள் அனுப்பிச்சான். மாசம் முடியட்டும்னு சொல்லி அனுப்பிட்டேன்."

ராகிக் களியும் கொள்ளுக் குழம்பும் தட்டில் வந்தன. ஏசுபாதம் இரண்டு உருண்டை தின்றுவிட்டு ஒன்பது மணிக்கே படுத்துவிட்டார்.

இருபத்தாறாம் நாள் பங்காருபேட்டையில் ரயில் இருபது நிமிஷம் நின்றுவிட்டது. யாருக்கும் காரணம் தெரியவில்லை. ஏசுபாதம் கதவோரம் நின்று, மடித்த சைக்கிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரயிலைத் தானே தள்ளுகிறவர்போல முன்னால் சாய்ந்துகொண்டிருந்தார். டேக்கலில் இறங்கினதும் விரித்தார், ஏறினார், மிதித்தார். கரடி ஜோக் முடிவதற்குள் ஸ்டேஷனைத் தாண்டியிருந்தார்.

புழுதியைத் தாண்டினார், ஜல்லியைத் தாண்டினார். ஏரிக்கரை ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓடினார். கரைமேல் வந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார், எட்டேகால். இனி ஒரு நீண்ட இறக்கம், அப்புறம் மூன்று கிலோமீட்டர். முடியும். இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு சைக்கிளை அதன் போக்கில் விட்டார். பிறந்தது முதல் அந்தச் சைக்கிள் அவ்வளவு வேகம் போயிருக்காது.

பின்னால் ஒரு சைக்கிள் மணி அடித்தது. ஒரே ஒரு தரம்.

சுரங்கத்தில் வைண்டிங் டிரைவருக்குக் கண் கிடையாது, காதுதான். ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே கேஜில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, மணிதான் சொல்லும். இத்தனை மணி என்றால் இறக்கு, இத்தனை என்றால் ஏற்று. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து. ஏன் என்று கேட்கக்கூடாது, யோசிக்கக்கூடாது. யோசிக்கிற நேரத்தில் கீழே ஒருவன் கை போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு மணிக்கு ஏசுபாதத்தின் கை தானாக பிரேக்கைப் போட்டிருக்கிறது. அன்றும் போட்டது. இரண்டு பிரேக்கையும், முழு பலத்தோடு.

சின்னச் சக்கரம் மண்ணைக் குத்தி நின்றது. ஏசுபாதம் நிற்கவில்லை. நடுக்கொண்டி மளுக்கென்று உடைந்து சைக்கிள் தானாகவே மடங்கிக்கொண்டது. பின்னால் வந்தவனால் என்ன செய்ய முடியும்? அவனும் வந்து விழுந்தான். பெரிய சைக்கிள், இரண்டு பக்கமும் இரண்டு பால் கேன். ஒரு கேனின் மூடி தெறித்து, நுரையோடு பால் முழுக்க செம்மண்ணில் ஓடியது.

"அய்யய்யோ ஸ்வாமி! ஏன் ஸ்வாமி நின்னீங்க? வழி கேட்டுத்தானே பெல் அடிச்சேன்! நடு எறக்கத்துல யாராச்சும் நிப்பாங்களா?"

ஏசுபாதம் எழுந்தார். முழங்கால் பேண்ட் கிழிந்து ரத்தம் வந்தது. அவர் முழங்காலைப் பார்க்கவில்லை. பாலைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"தம்பி... தப்பு என்னுதுதான். உன் பாலு பூராவும்... இன்னா சொல்றதுன்னே தெரியல."

"பால் கெடக்கட்டும். கால்ல ரத்தம் வருது பாருங்க."

"கால் கெடக்கட்டும்பா. எட்டரைக்கு குவாரியில நிக்கணும். நிக்கலன்னா வேலை பூடும். சைக்கிள் பூடுச்சு." சொல்லும்போது குரல் உடைந்தது. நாற்பத்தாறு வயசு ஆள் நடு ரோட்டில் அப்படி நின்றதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

வந்தவன் பெயர் ராஜப்பா. முப்பத்தஞ்சு வயசிருக்கும். அடுத்த கிராமம், நாலு மாடு வைத்திருந்தான். எட்டரைக்குப் பால் சொசைட்டி மூடிவிடும். மிச்சமிருந்த ஒரு கேனையாவது ஊற்ற வேண்டுமென்றால் அவனும் ஓடியாக வேண்டும், அதுவும் இறக்கத்துக்குக் கீழே பிரிந்து வேறு திசையில். அவன் ஒரு நொடி அந்தத் திசையைப் பார்த்தான். பிறகு நிறைந்த கேனை இறக்கிப் புங்கமரத்து நிழலில் வைத்து, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தான்.

"ஆய்த்து" என்றான் கன்னடத்தில். "ஏறுங்க அண்ணா."

"உன் சொசைட்டி?"

"இந்த பாலை வூட்ல மோரு போட்டுக்கறோம். ஏறுங்க, ஏறுங்க!"

உடைந்த சைக்கிளை மடியில் வைத்துக்கொண்டு ஏசுபாதம் கேரியரில் உட்கார்ந்தார். ராஜப்பா எழுந்து நின்று மிதித்தான். மேட்டில் அவன் முதுகுச் சட்டை முழுக்க நனைந்து ஒட்டிக்கொண்டது. ஏசுபாதம் இறங்கித் தள்ளப் பார்த்தால், "குந்துங்க, எறங்குனா லேட்டு" என்று அதட்டினான். முன்பின் தெரியாத ஒருவன், தன்னால் நஷ்டப்பட்டவன், தனக்காக மூச்சு வாங்குகிறான். ஏசுபாதம் அவன் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார்.

கேட்டுக்கு வரும்போது எட்டு முப்பத்தெட்டு. கீழே பதினாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தாமோதரன் இடுப்பில் கை வைத்து நின்றார்.

ராஜப்பா முந்திக்கொண்டான். "மேஸ்திரி, அண்ணன் மேல தப்பு இல்ல. நான்தான் பின்னால வந்து மோதிட்டேன். எனக்கு பிரேக் இல்ல."

ஏசுபாதத்துக்கு அது பொறுக்கவில்லை. பாலும் போய், பொய்யும் சொல்லி, பழியையும் அவனா சுமப்பது?

"இல்ல சார். அவன் சும்மா சொல்றான். அவன் வழிக்கு ஒரு பெல் அடிச்சான், நான் பிரேக் போட்டுட்டேன். வைண்டிங்ல ஒரு பெல்லுன்னா நிறுத்தணும் சார். பழக்கம். கை கேக்கல. உங்களுக்கு இன்னா தோணுதோ செய்ங்க."

தாமோதரன் அவர் கையில் இருந்த உடைந்த சைக்கிளைப் பார்த்தார்.

"யோவ், இறக்கத்துல போய்க்கிட்டிருக்க. ஒருத்தன் மணி அடிக்கிறான். திரும்பிப் பாக்கல? யோசிக்கல?"

"யோசிக்கக்கூடாது சார்."

"விழுவோம்னு தெரியாதா?"

"அப்புறந்தான் தெரிஞ்சிது சார்."

பதினாலு பேரில் யாரோ சிரித்தார்கள். தாமோதரன் சிரிக்கவில்லை. டெரிக்கை அண்ணாந்து பார்த்தார். எட்டு டன் கல் தொங்கும்போது கீழே நிற்கும் ஆட்களையும் பார்த்தார். "முன்னாடி இருந்தவன், நிறுத்துன்னு நான் விசில் ஊதினா, பீடிய எடுத்துட்டு 'என்ன மேஸ்திரி'ன்னு கேப்பான். அதுக்குள்ள கல்லு ரெண்டடி போயிருக்கும்." காறித் துப்பினார். "போ. கால கழுவிட்டு மெஷின்ல ஏறு. அந்த ஓட்டை சைக்கிள கொல்லன்கிட்ட குடு, கல்லு தொளைக்கிற ஜம்பர் கம்பியில ஒரு ஆணி அடிச்சுத் தருவான்."

ஏசுபாதம் ராஜப்பாவின் கையைப் பிடிக்கத் திரும்பினார். ராஜப்பா அவரையே ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நீங்க வைண்டிங் டிரைவரா? எந்த ஷாப்ட்?"

"ஹாரிஸ் ஷாப்ட். ஏம்பா?"

அவன் முகம் மாறிவிட்டது. சைக்கிளைத் திருப்பி ஏறினவன், கூப்பிடக் கூப்பிட நிற்காமல் போய்விட்டான். காலிக் கேன் மட்டும் கடகடவென்று கேட்டது.

அடுத்த நாலு நாளும் அந்த முகம் ஏசுபாதத்தை விடவில்லை. வேலை நிலைத்துவிட்டது, முப்பதாம் நாள் தாமோதரன், "நாளைக்கும் வந்துடு, அதுக்கடுத்த நாளும் வந்துடு" என்றார், அதுதான் அவர் பாஷையில் நிரந்தரம். மரியகுழந்தை கேட்டதும் சர்ச்சுக்கு ஓடி மெழுகுவத்தி வைத்தாள், தம்பிக்குக் கடிதம் போட்டாள், அழுதாள், சிரித்தாள். ஏசுபாதத்தால்தான் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

"சொரங்கத்துக்காரன்னு தெரிஞ்சதும் மூஞ்சி மாறிடுச்சு மரியா. அவங்க வூட்ல யாருக்காவது எங்க ஷாப்ட்ல ஏதாச்சும் ஆயிருக்குமோ? அதுக்கப்புறம் ஒரு நாள்கூட ரோட்ல கண்ணுல படல."

"உக்காந்து யோசிச்சா தெரியுமா? ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் போவலாம். நானும் வரேன். நம்ம வீட்ட காப்பாத்துனவன் அவன். சேவல எடுத்துக்கினு போவலாம்."

கோயில் திருவிழாவுக்கென்று கொழுக்கவைத்த சேவல் அது. ஞாயிற்றுக்கிழமை அது கால்கட்டோடு ரயிலில் போயிற்று, மடக்கு சைக்கிளுக்குப் பக்கத்தில். டேக்கலில் சைக்கிள் விரிந்தது. மரியகுழந்தை கேரியரில் உட்கார்ந்தாள், சேவல் அவள் மடியில். பாதையில் முதல் பள்ளம் வந்ததும் மூன்று பேரும் கத்தினார்கள்.

"இதுலயா தெனம் போறீங்க?"

"ஆமா."

"இந்த ரோட்டுலயா?"

"இன்னிக்கு நல்லா கீது. மழை பேஞ்சா பாக்கணும்."

அவள் ஒரு கையால் அவர் முதுகைத் தொட்டு, "எறங்குங்க. ரெண்டு பேரும் நடக்கலாம்" என்றாள். அப்புறம் புழுதி முடியும்வரை சேவல் மட்டும்தான் சைக்கிளில் வந்தது.

ராஜப்பா வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தான். உள்ளே திரும்பி, "கிருஷ்ணம்மா, வந்திருக்காங்க பாரு" என்றான், எதிர்பார்த்தவன்போல. அவன் மனைவி பாய் விரித்தாள். இரண்டு பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் நின்று சேவலைப் பார்த்தார்கள்.

ஏசுபாதம் ரயிலில் மனப்பாடம் செய்து வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். "தம்பி, வேலை நிலைச்சிடுச்சு. உன்னாலதான். பாலுக்கு ஈடா இது இல்ல, ஏதோ எங்க மனசுக்கு... அன்னிக்கு நீ பேசாம போயிட்ட. எங்க ஷாப்ட்டால உங்க வூட்டுக்கு எதாச்சும் கஷ்டம் வந்திருந்தா..."

"கஷ்டமா? அய்யோ, அப்படியா நெனச்சீங்க?" ராஜப்பா பதறிப்போய் அவர் எதிரே குந்தினான். "அண்ணா, நான் நாலு வருசம் ஹாரிஸ் ஷாப்ட்ல கீழ வேலை செஞ்சேன். கான்ட்ராக்ட் ஆளு. காலைல கேஜ்ல எறங்குவோம், சாயந்திரம் ஏறுவோம். மேல வந்ததும் விளக்க குடுத்துட்டு வீட்டுக்கு ஓட்டந்தான். மெஷின் வீட்ல யாரு குந்தியிருக்காங்கன்னு எவன் பாத்தான்? மொத நாளு எறங்கும்போது பயத்துல கண்ண மூடிக்கிட்டேன். எவன் கையிலோ நம்ம உசுரு இருக்குன்னு மட்டும் தெரியும். அன்னிக்கு கேட்ல நீங்க ஷாப்ட் பேர சொன்னதும் எனக்கு அழுகை வந்துடுச்சு. அந்த மேஸ்திரி முன்னால அழறதா? அதான் ஓடி வந்துட்டேன். நாலு நாளா வெக்கம், அதான் வேற வழியில போனேன்."

கிருஷ்ணம்மா இரண்டு டம்ளர் பாலை வைத்துவிட்டு, கதவோரம் நின்ற பிள்ளைகளைக் காட்டினாள். "இவங்க ரெண்டு பேரும் அந்த நாலு வருசத்துல பொறந்தவங்கதான், அண்ணா. தெனம் சாயந்திரம் இவுரு வாசப்படி ஏறுனதும் சாமிக்குக் கும்பிடு போடுவேன். கயித்த இழுத்தவங்க யாருன்னு தெரியல, அதனால சாமிக்கே போட்டேன்."

மரியகுழந்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஏசுபாதம் டம்ளரைத் தூக்கினவர் குடிக்காமலே வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஷிப்டுக்கு நூறு பேர், இருநூறு பேர் என்று இறக்கி ஏற்றியிருக்கிறார். அத்தனையும் அவருக்கு மணிச் சத்தமும் கயிற்றின் கனமும்தான். அந்தக் கனத்தில் ஒருவன் இதோ தவிட்டுக் கையோடு எதிரே குந்தியிருக்கிறான்.

வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. ஏசுபாதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ராஜப்பாவின் தோளைப் பிடித்தார்.

"தம்பி, கொஞ்சம் வெளிய வெளிச்சத்துக்கு வா. உன் மூஞ்சிய நல்லா பாத்துக்கறேன்."